24 சொற்களும் அம்மாவின் உறுதிப் பையும்

2022 நவம்பரில் எப்டிஎக்ஸ் என்ற பெரிய கிரிப்டோ (இணையக் காசு) சந்தை சில நாட்களுக்குள் விழுந்தது. அதில் காசு வைத்திருந்தவர்கள் எடுக்க வழியில்லாமல் நின்றார்கள். என்னுடைய பிட்கொயின், அதுவும் ஓர் இணையக் காசு, அப்போது வேறொரு சந்தையின் கணக்கில் கிடந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு இணையத்தள வேலை செய்து கொடுத்த கூலி அது. பெரிய தொகை இல்லை, ஆனால் கிளிநொச்சியில் ஒரு சின்ன வீட்டுக்குக் கூரை போடப் போதும். கிரிப்டோ வியாபாரத்துக்கு யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று இலங்கை மத்திய வங்கி அப்போது திரும்பத் திரும்ப அறிவித்திருந்தது. போய்விட்டால் முறையிட ஒரு கதவும் இருக்கவில்லை. பிட்கொயினின் சாவியைச் சந்தையிடம் விடாமல் நாமே வைத்திருக்க உதவும் சின்னக் கருவி, ஹார்ட்வெயார் வொலட் ஒன்று வாங்குவதென்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

முகநூலில் பாவித்தது ஒன்று பாதி விலைக்கு வந்தது. தொடவில்லை. விற்பவர் அதில் காசைத் திறக்கும் இரகசியச் சொற்களை முதலே உருவாக்கி வைத்திருந்தால், நான் போடும் காசின் சாவி அவர் கையிலும் இருக்கும். அடுத்த வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு ரொறொன்ரோவிலிருந்து பெரியம்மாவின் மகன் வந்தார். தயாரித்த நிறுவனத்திடமே வாங்கி, உறை உடைக்காமல் கொண்டுவந்து தந்தார். "பெட்டிக்குள்ள சொல்லெல்லாம் எழுதின தாள் இருந்தா அது கள்ளம், தம்பி. வெறுந்தாள்தான் இருக்கோணும்" என்றார். வெறுந்தாள்தான் இருந்தது.

தீப்பெட்டி அளவான அந்தக் கருவியை அம்மா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காசு இதுக்குள்ளயோ கிடக்கு?"

இல்லை. பிட்கொயின் யார் பெயரிலும் இல்லாத ஒரு பொதுக் கணக்கேட்டில் இருக்கிறது. அதை நகர்த்தும் சாவிதான் கருவிக்குள். அந்தச் சாவி முழுவதையும் 24 ஆங்கிலச் சொற்களிலிருந்து திரும்ப உருவாக்கலாம். கருவி உடைந்தாலும் கிணற்றில் விழுந்தாலும் சொற்கள் இருந்தால் காசு இருக்கிறது. சொற்கள் இன்னொருவர் கண்ணில் பட்டால் காசு அவருடையது. இதை விளக்க நான் உதாரணம் தேடவேண்டி இருக்கவில்லை. காணி உறுதியும் பிறப்புப் பத்திரங்களும் அடங்கிய பையை 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தவர் அம்மா. வீடு போனது, பை போகவில்லை. "அப்ப இந்தச் சொல்லுத்தான் உறுதி" என்றார்.

சொற்கள் மொத்தம் 2048 கொண்ட ஒரு பட்டியலிலிருந்து வருகின்றன. ஜப்பானிய மொழிக்கும் கொரிய மொழிக்கும் அப்படிப் பட்டியல் உண்டு, தமிழுக்கு இல்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம். தமிழில் இருந்திருந்தால் நான் விட்ட பிழையை விட்டிருக்க மாட்டேன்.

கருவியை இயக்கிய இரவு கரண்ட் போய்விட்டது. தங்கச்சி டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு சின்னத் திரையில் வருவதை வாசித்தாள், நான் எழுதினேன். முடிவில் கருவி சில சொற்களை மட்டும் திருப்பிக் கேட்டது, எல்லாம் சரி என்றது. கருவியைத் திறக்கும் இரகசிய (PIN) இலக்கம் போட்டேன். பிறகு கருவியிலிருந்து காசு பெறும் முகவரி ஒன்று எடுத்து, சந்தையிலிருந்து 10,000 சடோஷி மட்டும் அனுப்பினேன். ஒரு பிட்கொயினைப் பத்துக் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு துண்டுதான் சடோஷி, ஆகவே இது சின்னக் காசு. வந்து சேர்ந்தது.

பலர் இந்த இடத்தில் மிச்சத்தையும் அனுப்பிவிடுவார்கள். தயவுசெய்து அனுப்பாதீர்கள். நான் கருவிக்குள் இருந்ததை முழுவதுமாக அழித்து, தாளைப் பார்த்து 24 சொற்களையும் திரும்பப் போட்டேன். "சொற்கள் செல்லாது" என்று வந்தது. இன்னொருமுறை நிதானமாகப் போட்டேன். அதே பதில். கடைசிச் சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்பு இருப்பதால், ஒரு சொல் மாறினாலும் கருவி பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும், ஆனால் எந்தச் சொல் என்று சொல்லாது. விடியும்வரை தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். 17ஆவது இடத்தில் 'ஸ்டில்' என்று எழுதியிருந்தேன். தங்கச்சியைக் கேட்டேன். "ஸ்டீல் அண்ணா, இரும்பு ஸ்டீல்" என்றாள். இரண்டுமே பட்டியலில் இருக்கிற சொற்கள். மாற்றிப் போட்டதும் அந்த 10,000 சடோஷி திரும்பத் தெரிந்தது.

அந்தச் சின்னக் காசைச் சந்தைக்கே திருப்பி அனுப்பிவிட்டு, கருவியை மறுபடி அழித்து, புதிதாக 24 சொற்கள் எடுத்தேன். பழைய சொற்கள் இப்போது எதையும் திறக்காது, அதனால்தான் ஒன்றை இங்கே எழுத முடிகிறது. இம்முறை யாரும் வாசிக்கவில்லை. திரையை நானே பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். போனில் படம் எடுக்கவில்லை, கணினியில் தட்டவில்லை, வட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி வைக்கவும் இல்லை.

தாள் மட்டும் வன்னியில் போதாது. கறையான் இருக்கிறது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது. பரந்தனில் மாமாவின் இரும்புப் பட்டறையிலிருந்து எழுத்து அச்சுகளை ஒருநாள் இரவலாக வாங்கி, துருப்பிடிக்காத சில்வர் தகடு இரண்டில் நானே அடித்தேன். பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது, ஆகவே சொல்லுக்கு நான்கு எழுத்துப் போதும். ஒரு எழுத்துக்கு ஒரு அடி. இரண்டாம் அடி விழுந்தால் எழுத்து இரட்டையாகிவிடும். மாமா "தா, நான் அடிச்சுத் தாறன்" என்று கேட்டார். அவர் மனம் நோகாமல் மறுக்கக் கொஞ்சம் கஷ்டப்பட்டேன். ஒரு தகடு வீட்டில், மற்றது வேறு ஊரில்.

அப்புறம் மிச்சக் காசை அனுப்பினேன். முகவரியைக் கணினியில் மட்டும் பார்த்து நம்பக்கூடாது. நகலெடுத்த முகவரியை இடையில் மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. கருவியின் திரையில் தெரிவதோடு முதலிலிருந்து கடைசிவரை ஒப்பிட்டேன். ஊர்ப் பெடியன் ஒருவன் இந்த அளவுக்கு வந்துவிட்டு, டெலிகிராமில் "உதவி" என்று வந்தவனுக்குச் சொற்களைக் கொடுத்து எல்லாவற்றையும் இழந்தான். சொற்களைக் கருவியின் பொத்தானில் மட்டும்தான் போடவேண்டும். எந்த நிறுவனமும், எந்த உதவி ஆளும் அவற்றைக் கேட்கமாட்டார்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது அம்மா ஒன்று கேட்டார். "உன்ர பெரியப்பா நகையைத் தாட்டு வச்ச இடத்தை ஒருத்தருக்கும் சொல்லாமல் போனவர். இது எங்க கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்?" அன்றிரவே தமிழில் இரண்டு பக்கம் எழுதினேன்: இது என்ன, தகடு யாரிடம் கேட்பது, எப்படித் திறப்பது, யாருக்குக் காட்டக்கூடாது. சொற்கள் அந்தக் கடிதத்தில் இல்லை. அம்மா அதை உறுதிப் பைக்குள் வைத்தார்.

போன மாதம் தங்கச்சியிடம் அந்தக் கடிதத்தையும் வெறுமையாக்கிய கருவியையும் கொடுத்துவிட்டு நான் முற்றத்தில் போய் இருந்தேன். ஒரு மணித்தியாலம் ஆனது. எங்கேயும் கூப்பிடவில்லை. தகட்டை விரலால் தடவித் தடவி எழுத்துகளைப் போட்டிருக்கிறாள். வெளியே வந்து, கணக்கில் இருந்த தொகையைச் சரியாகச் சொன்னாள்.