கார் விற்றபின் இன்சூரன்ஸும் வரியும்

பணம் கைமாறி, சாவி கொடுத்துவிட்டால் கார் நம்முடையது இல்லை என்று சேலத்தில் பலர் நினைக்கிறார்கள். ஆர்சியில் (பதிவுச் சான்றிதழில்) பெயர் மாறும்வரை சட்டப்படி உரிமையாளர் நாம்தான். ஏற்காடு கொண்டை ஊசி வளைவில் வாங்கியவர் யாரையாவது இடித்தால், நஷ்டஈட்டு வழக்கில் நம் பெயரும் வரும். 2018இல் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது.

அதனால் படிவம் 29இல் கையெழுத்திட்டு, விற்ற 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கப் படிவம் 30. தேதி எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டு புரோக்கரிடம் கொடுப்பதுதான் பெரிய தவறு. கார் மேல் கடன் இருந்தால் முதலில் ஆர்சியிலிருந்து அதை நீக்கப் படிவம் 35, வங்கியின் என்ஓசி (தடையில்லாச் சான்று) வேண்டும்.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பாதுகாப்பு (விபத்தில் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) தானாகவே புதியவருக்குப் போய்விடும். ஆனால் சொந்த சேதத்துக்கான பகுதி போகாது. அவர் 14 நாளுக்குள் கம்பெனியில் பெயர் மாற்றாவிட்டால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் செய்யாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, காருக்கு அல்ல, உங்களுக்கு. அதிகபட்சம் 50 சதவீதம். அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், 3 வருடம் செல்லும். இதைப் பலர் சும்மா விட்டுவிடுகிறார்கள்.

ஆயுட்கால வரி காரோடு போகும். தமிழ்நாட்டுக்குள் விற்றால் திரும்பக் கிடைக்காது. பெங்களூருக்குப் போகிற வண்டி என்றால் படிவம் 28இல் ஆர்டிஓவின் என்ஓசி வேண்டும். அங்கே மறுபதிவு செய்து வரி கட்டிய பிறகு இங்கே மீதிக் காலத்துக்கான தொகையைக் கோரலாம். விலை பேசும்போதே அந்தப் பணம் யாருக்கு என்று எழுதிவிடுங்கள்.

ஃபாஸ்டேகை அன்றைக்கே மூடிவிடுங்கள்.