டொராண்டோ பியேத்ரி: தேதிவாரிக் குறிப்புகள்

ஜூலை 7
1908-ல் இதே நாளில் இத்தாலியின் கார்ப்பி ஊரில் மராத்தான் ஓட்டக்காரர் டொராண்டோ பியேத்ரி 40 கிலோமீட்டரை 2 மணி 38 நிமிடத்தில் ஓடினார். மிட்டாய்க் கடை வேலையாள், வயது 22. சராசரி கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 57 விநாடி. அதே மாதம் லண்டன் ஒலிம்பிக் மராத்தானில் விழுந்ததை வைத்து அவரைப் பலவீனர் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. 1906-ல் ஏதென்ஸ் மராத்தானில் ஐந்து நிமிடம் முந்தியிருந்தும், வயிற்றுக் கோளாறால் 24-வது கிலோமீட்டரில் விலகியிருந்தார்.

ஜூலை 24
லண்டன் ஒலிம்பிக். பிற்பகல் 2.33-க்கு விண்ட்சர் கோட்டையிலிருந்து புறப்பாடு. தூரம் 42.195 கிலோமீட்டர், நல்ல வெயில். 32-வது கிலோமீட்டரில் தென்னாப்பிரிக்காவின் சார்லஸ் ஹெஃபரன் ஏறக்குறைய நான்கு நிமிடம் முன்னால் இருந்தார். பியேத்ரி வேகத்தைக் கூட்டி 39-ல் அவரைப் பிடித்தார். ஹெஃபரனும் அப்போது தளர்ந்திருந்தார். அரங்குக்குள் நுழைந்ததும் பியேத்ரி தவறான பக்கம் திரும்பினார். ஐந்து முறை விழுந்தார். கடைசி 350 மீட்டருக்கு மட்டும் சுமார் பத்து நிமிடம். மொத்தம் 2:54:46.

அந்தப் பத்தைக் கழித்துப் பாருங்கள்: அரங்க வாசல்வரை சராசரி 3:56 வருகிறது. கார்ப்பியில் ஓடிய அதே வேகம்! அவர் பலவீனர் அல்லர். அந்த வெயிலில் 32-க்குப் பிறகு துரத்தியதே அவரைச் சாய்த்தது என்பேன்.

அலுவலர்கள் தூக்கிவிட்டதால் தகுதிநீக்கம். 32 விநாடி பின்னால் வந்த அமெரிக்கர் ஜானி ஹேய்ஸுக்குத் தங்கம். மறுநாள் அரசி அலெக்சாண்ட்ரா பியேத்ரிக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளிக் கோப்பை தந்தார்.

நவம்பர் 25
நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் உள்ளரங்கில், அதே ஹேய்ஸோடு நேருக்கு நேர் முழு மராத்தான். வென்றவர் பியேத்ரி. 1909 மார்ச்சில் மறுபடி மோதியபோதும் அவரே. அமெரிக்கப் பயணத்தில் 22 ஓட்டங்கள், 17 வெற்றிகள்.

டிசம்பர் 15
கனடாவின் டாம் லாங்போட்டிடம் தோல்வி. ஜனவரி 2-ல் பஃபலோவிலும் அவரிடமே. நவம்பர் 25 தொடங்கி 39 நாளுக்குள் மூன்று மராத்தான் களங்கள். தசைகள் தேறுவதற்கே நாள் விடவில்லை. பந்தயப் பணத்துக்காக அடுக்கப்பட்ட இந்த அட்டவணையைத்தான் குறை சொல்ல வேண்டும்.

மே 24
1910, புவெனஸ் அயர்ஸ். அங்கே மே என்றால் இலையுதிர் காலம். நேரம் 2:38:48, கிலோமீட்டருக்கு 3:46. அவருடைய வாழ்நாள் சிறப்பு. கார்ப்பியில் 40 கிலோமீட்டருக்கு எடுத்த நேரத்தோடு ஒரு நிமிடம்கூடக் கூடாமல், மேலும் 2,195 மீட்டர் ஓடியிருக்கிறார். லண்டனைவிட 16 நிமிடம் குறைவு. லண்டனில் அவர் முடிவுக்கோட்டைக் கடக்கும் படத்தைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். ஓட்டக்காரராக அவரை எடைபோட இந்த ஓட்டம்தான் சரியான அளவு. 1911-ல் ஓய்வு பெற்றார். சகோதரரோடு நடத்திய ஹோட்டல் நொடித்துப்போனது; பிறகு சான்ரெமோவில் கார் பட்டறை வைத்தார்.