தோப்பில் நிற்கும் கேரவனில் ஏசி எடுக்காவிட்டால்

கேரவனில் ஏசி ஓடவில்லை என்று கூப்பிட்டால், பல நேரம் கோளாறு ஏசியில் இருக்காது. பொள்ளாச்சி தாண்டி கேரள எல்லையை ஒட்டிய கோபாலபுரம், கோவிந்தாபுரம், முதலமடை, கொல்லங்கோடு பக்கம் தோப்புகளில் நிற்கும் வண்டிகள் என்றால், கரன்ட் புறப்படும் இடத்திலிருந்துதான் நாங்கள் தேடத் தொடங்குவோம்.

முதலமடை மாந்தோப்பில் நின்ற ஒரு வண்டியை வைத்தே சொல்கிறோம். ஒன்றரை டன் ஏசி, இன்வெர்டர் வகை இல்லை. ஃபேன் ஓடுகிறது. மூன்று நிமிடம் கழித்து கம்ப்ரசர் முனகுகிறது, விளக்கு மங்குகிறது, 'டக்'கென்று நின்றுவிடுகிறது. கேஸ் ஏற்றச் சொல்லி ஏற்கெனவே யாரோ யோசனை கொடுத்திருந்தார்கள். கேஸ் குறைந்தால் கம்ப்ரசர் ஓடும், குளிர்தான் வராது. முனகி நிற்பது வேறு வியாதி.

பிளக்கில் மீட்டர் வைத்தால் 222 வோல்ட். இதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. லோடு இல்லாதபோது எந்த ஒயரும் நல்ல பிள்ளைதான். மீட்டரை ஏசி டெர்மினலில் வைத்து, இன்னொருவரை ஆன் செய்யச் சொல்லி, கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் பார்க்க வேண்டும். மிகக் குறைந்த அளவைப் பதிந்து வைக்கும் மீட்டராக இருந்தால் நல்லது. இங்கே 165க்கு விழுந்தது.

காரணம் ஒயர். வீட்டிலிருந்து வண்டி வரை 50 மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டர் கேபிள். போக வர 100 மீட்டர் செம்பு என்றால் தடை ஏறக்குறைய 1.25 ஓம். ஓடும்போது 8 ஆம்பியர்தான், பத்து வோல்ட்டோடு போய்விடும். கிளம்பும்போது 40 ஆம்பியர் வரை இழுக்கும். அப்போது ஒயரே 50 வோல்ட்டைத் தின்றுவிடுகிறது. அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு இருபதுக்குள் அடங்கும். மீதி ஒயரை டிரம்மில் சுற்றியபடியே விடாதீர்கள், சூடேறி உறை இளகும்.

ஒயர் முனையில் இருக்கும் பின்டாப்பையும் (பிளக்) கழற்றிப் பார்த்தோம். 16 ஆம்பியர் போட வேண்டிய இடத்தில் 6 ஆம்பியர். நியூட்ரல் பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறிக் குழைந்திருந்தது, ஸ்க்ரூ விரலாலேயே சுற்றியது. இப்படி ஒரு லூஸ் இணைப்பு இருந்தால் எவ்வளவு தடித்த கேபிள் போட்டும் பலனில்லை.

"மோட்டார் ஓடறப்பத்தானுங்க இப்படி ஆவுது" என்று தோப்புக்காரர் சொன்னது முக்கியமான துப்பு. பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதும் வோல்டேஜ் இறங்கும். அந்த நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஃபேஸ் உள்ள வீடென்றால் லோடு குறைந்த ஃபேஸில் கொடுங்கள். ஒரு விளக்கு மங்கி இன்னொன்று அளவுக்கு மீறிப் பளிச்சிட்டால் நியூட்ரல் விட்டுப்போயிருக்கும். மெயினை உடனே இறக்க வேண்டும். அப்போது ஏதோ ஒரு ஃபேஸில் 300 வோல்ட்டைத் தாண்டி வரலாம். தமிழ்நாட்டுப் பக்கம் இலவச விவசாய இணைப்பிலிருந்து கேரவனுக்கு இழுப்பது அனுமதியில்லாத மின் பயன்பாடு என்று 2003 மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவில் மாட்டிவிடும்.

ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். ஒயர் மெலிசாக இருக்கும்போது அது நிலைமையை இன்னும் கெடுக்கும். உள்ளே 170 வந்தால் வெளியே 220 ஆக்க, ஒயரிலிருந்து கூடுதல் ஆம்பியர் இழுக்கும். வோல்டேஜ் இன்னும் சரியும். ஒயரை மாற்றுங்கள், பிறகு ஸ்டெபிலைசரைப் பற்றிப் பேசலாம்.

ஒயரும் பின்டாப்பும் மாற்றியபின் கிளம்பும் வோல்டேஜ் 200க்கு மேல் நின்றது. ஆனாலும் முனகல் போகவில்லை. அடுத்து, கம்ப்ரசர் கிளம்ப உந்துதல் கொடுக்கும் கெபாசிட்டர். மெயினை இறக்கி, ரெசிஸ்டர் வைத்துச் சார்ஜை வெளியேற்றிய பிறகே தொட வேண்டும். மேலே 50 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, மீட்டரில் 38. பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ தலை உப்பியிருந்தாலோ மாற்றிவிடலாம். அதே மைக்ரோஃபாரட், 440 வோல்ட். புதியது போட்டதும் கம்ப்ரசர் எடுத்தது.

ஜெனரேட்டரில் மட்டும் இந்தத் தொல்லை வந்தால் மீட்டரில் ஹெர்ட்ஸும் பாருங்கள். ஏசி எடுக்கும்போது 50லிருந்து வெகுவாக இறங்கி எழ முடியாமல் திணறினால், முதலில் டீசல் ஃபில்டரும் ஏர் ஃபில்டரும். பேட்டரி இன்வெர்டரில் ஓட்டும் எண்ணம் இருந்தால் கணக்கு எளிது: 1,500 வாட்டுக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 125 ஆம்பியருக்கு மேல் போகும்.

கம்ப்ரசர் போய்விட்டது என்று யாராவது சொன்னால், மின்சாரத்தைத் துண்டித்து கம்ப்ரசரின் C (பொது), R (ரன்), S (ஸ்டார்ட்) மூன்று முனைகளிலும் ஓம் அளந்து பாருங்கள். C-R, C-S இரண்டையும் கூட்டினால் R-S வர வேண்டும். R-S மட்டும் அளவு காட்டி, C பக்கம் இரண்டும் ஓப்பன் (இணைப்பே இல்லை) என்று வந்தால் உள்ளே ஓவர்லோடு, அதாவது சூடேறினால் துண்டிக்கும் சுவிட்ச், திறந்திருக்கலாம். அரை மணி, சூடு அதிகமென்றால் இன்னும் கூடுதலாக ஆறவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் ஓப்பன் என்றால்தான் கம்ப்ரசருக்கு விலை கேட்க வேண்டும்.