மேடே இல்லாத நாள்

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டிய கதையைச் சொன்னால் எல்லோரும் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். சமவெளியில் ஓட்டினேன் என்றால், "அது சுலபம்தானே?" என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். இந்தப் பயணத்தில் ஏன்டா கிளம்பினோம் என்று என்னை ரோட்டோரத்தில் உட்கார்ந்து யோசிக்க வைத்தது பதினோராவது நாள் வந்த ஒரு தட்டையான வெட்டவெளி. மொத்த ஏற்றமும் சேர்த்து 60 மீட்டர்கூட வராது. 115 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஓய்வு நாள் என்று முந்தின இரவு சந்தோஷமாகப் படுத்தேன்.

முதல் தப்பு அங்கேதான். சுலபமான நாள்தானே என்று அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கி, எழுந்து நிதானமாகக் காபி குடித்து, பைகளைக் கட்டிக் கிளம்பும்போது மணி எட்டே முக்கால். வெட்டவெளியில் காற்றுக்கும் ஒரு நேரம் காலம் உண்டு. ராத்திரியில் தரை குளிர்ந்துவிடுவதால் அதை ஒட்டிய காற்று கனத்துப்போய் அசையாமல் படுத்துக்கிடக்கும், மேலே வேகமாக ஓடுகிற காற்று அதைத் தொடாமலே போய்க்கொண்டிருக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் கீழே இருப்பது மேலே கிளம்ப, மேலே இருக்கிற வேகம் கீழே இறங்கிக் கலந்துவிடும். விடிகாலையில் இலைகூட அசையாத இடத்தில் பத்து மணிக்குத் தொப்பி பறப்பது இதனால்தான். எல்லாம் தெரிந்த விஷயம். தெரிந்துகொண்டேதான் தூங்கினேன்.

ஒன்பதரை வரைக்கும் 20 கிலோமீட்டர் வேகத்தில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனேன். அப்புறம் காற்று எழுந்தது. நேர் எதிரே, மூக்குக்கு நேராக.

எதிர்காற்றில் என்ன ஆகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. காற்றே இல்லாதபோது 20-ல் போனால் உடம்பில் மோதும் காற்றின் வேகமும் 20தான். அன்று எதிர்காற்று 25 இருந்திருக்கும், நான் 11-ல் ஊர்ந்தேன், ஆக மோதுவது 36. காற்றின் எதிர்ப்பு அந்த வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் (வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நாலு மடங்கு) என்பதால், என் வேகம் பாதியாகக் குறைந்த பிறகும் எதிர்ப்பு மூன்று மடங்குக்கு மேல். அதுவும் கேரியரின் இரண்டு பக்கமும் மூட்டை மாதிரிப் பைகள் தொங்கும்போது. குனிந்து ஹேண்டில்பாரின் கீழ்ப் பிடியைப் பிடித்தால் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் பத்தே நிமிஷத்தில் மரத்துப்போகும். உள்ளங்கையில் அந்த இரண்டு விரலுக்கும் போகிற நரம்பு அழுந்துவதால் வருவது இது. கையை உதறி, நிமிர்ந்து, அறை வாங்கி, மறுபடி குனிந்து, இப்படியே.

மேட்டில் ஏறுவது எனக்குப் பிடிக்கும். மேடு எங்கேயாவது முடியும், முடிந்த இடத்தில் இறக்கம் காத்திருக்கும், கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். காற்று எதையும் திருப்பித் தராது. போதாததற்கு வெட்டவெளியில் எல்லாம் முன்கூட்டியே தெரிந்து தொலைக்கிறது. பத்து மணிக்கு அடிவானத்தில் ஒரு செல்போன் கோபுரம் தெரிந்தது, குச்சி மாதிரி. அதைத் தாண்டும்போது பதினொன்றே முக்கால் ஆகியிருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் ஒரே கம்பத்தைப் பார்த்துக்கொண்டு மிதிப்பது தண்டனை. நடுவே எதிரில் லாரி வந்தால் சுவர் மாதிரி ஒரு காற்று வந்து மார்பில் மோதும். பின்னாலிருந்து தாண்டிப் போகிற லாரி வேறு ரகம். ஒரு விநாடி காற்றை மறைத்து நம்மைத் தன் பக்கம் இழுக்கும், அது போனதும் பழைய காற்று திரும்ப வந்து அறையும். அந்த ஒரு விநாடி சுகத்துக்காகவே லாரி வராதா என்று ஏங்கினேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

38-வது கிலோமீட்டரில் பஞ்சர். பின் சக்கரம்தான், சுமையெல்லாம் அங்கேதானே. பைகளை அவிழ்த்து இறக்கி, சக்கரத்தைக் கழற்றி, ஓட்டையைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்து சொல்யூஷன் தடவினேன். அது காய்வதற்குள் காற்று ஒரு கைப்பிடி மணலை அதன்மேல் தூவிவிட்டுப் போனது. துடைத்து, தேய்த்து, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, டியூபை மடியில் வைத்து மறுபடி தடவினேன். அந்த எரிச்சலில் டயரின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கவில்லை. நாலு கிலோமீட்டரில் மறுபடி பஞ்சர்.

இந்த முறை டியூபை டயரோடு சேர்த்து வைத்து, வால்விலிருந்து எண்ணிப் பார்த்தால் இரண்டு ஓட்டையும் ஒரே இடம். அங்கே டயருக்குள் தலைமுடி கனத்தில் ஒரு கம்பி. தேய்ந்து வெடித்த லாரி டயர்களிலிருந்து சிதறும் எஃகு இழை அது, நெடுஞ்சாலை ஓரமெல்லாம் கிடக்கும். வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. நகத்தால் வராது, இடுக்கியால்தான் பிடுங்க வேண்டும். முதல் தடவையே அரை நிமிஷம் தடவியிருந்தால் முடிந்திருக்கும் வேலை. அங்கே நின்று காற்றை, ரோட்டை, டயரை எல்லாம் சத்தமாகத் திட்டினேன், கேட்பதற்கு ஒரு காக்கைகூட இல்லை.

பஞ்சர் கலாட்டாவில் மதியம் சாப்பிட மறந்துபோனேன். மூன்றே கால் மணி வாக்கில் 51-வது கிலோமீட்டரைத் தாண்டியபோது, 115-ல் 51 போனால் எவ்வளவு என்று கணக்குப் போடப் பார்த்தேன், வரவில்லை. நிஜமாகவே வரவில்லை. அதற்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சைக்கிள் ஆட்கள் இதற்கு 'போங்க்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். நம் போங்கு ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, ஆனால் அந்த நேரத்தில் உடம்பு ஆடுவது போங்கு ஆட்டமேதான். தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரைச் சரக்கு மொத்தமே ஏறக்குறைய 400, 500 கிராம். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் மட்டுமில்லை, மூளையும் கடையைச் சாத்திவிடும். பசி வந்த பிறகு சாப்பிடலாம் என்று இருந்தால் அது தாமதம். எனக்கோ பசியே வரவில்லை, கோபம்தான் வந்தது.

ரோட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பாலம். அதற்குள் நுழைந்து படுத்தேன். இருந்த பேரீச்சம்பழம், ஒரு பாக்கெட் பிஸ்கட், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். இருபது நிமிஷத்தில் உலகம் மெதுவாகத் திரும்பி வந்தது. அறுபத்து நாலு, விடையும் வந்தது. அதைவிட வராமலே இருந்திருக்கலாம்.

வெளியே வந்ததும் செய்த ஒரே நல்ல காரியம், வேகம் காட்டும் மீட்டரைக் கழற்றிப் பைக்குள் போட்டது. ஒன்பது, எட்டு, எட்டரை என்று அது காட்டக் காட்ட நான் சண்டைக்குப் போய் முட்டியை வருத்திக்கொண்டிருந்தேன். மீட்டர் இல்லாததால் மூச்சு வாங்காத அளவுக்குக் கியரைக் குறைத்து, ஐம்பது நிமிஷம் மிதி, பத்து நிமிஷம் நில், ஏதாவது வாயில் போடு என்று போனேன். அதே எட்டரைதான் வந்திருக்கும். ஆனால் அழவில்லை.

ஆறரைக்கு ஓர் இடிந்த சுவர் கண்ணில் பட்டது. அந்தப் பாலத்தை விட்டால், காற்றை மறைக்கிற மாதிரி இத்தனை நேரத்தில் நான் பார்த்த ஒரே பொருள். 71 கிலோமீட்டர், போதும். கூடாரத்தை விரித்தால் பட்டமாகப் பறக்கப் பார்த்தது, ஒரு மூலையில் முட்டி போட்டு உட்கார்ந்து, அடுத்த மூலைக்குப் பையைத் தூக்கி வைத்து, ஒவ்வோர் ஆணியாக அடித்து முடித்தேன். கடைசி ஆணி இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, காற்று நின்றுவிட்டது. ஒரு சத்தம் இல்லை. கூடாரத்துணி அப்படியே தொங்கியது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நாலு மணிக்கு அலாரம். நாலரைக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பி, மீதி 44 கிலோமீட்டரையும் ஏழு மணிக்குள் முடித்து, முந்தின நாளே போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணி வாக்கில் எதிரே இருந்த மரம் ஆட ஆரம்பித்தது. இன்னொரு டீ சொன்னேன்.