லைட்டை அணைக்க எவ்வளவு ஆகும்?

"ஏதோ ஒரு லைட் எரியுதுங்க, அணைக்க எவ்வளவு ஆகும்?" ஒர்க்‌ஷாப்பில் இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. என்ன லைட் என்று திருப்பிக் கேட்டால், "மஞ்சளா, ஹெலிகாப்டர் மாதிரி" என்பார்கள். அது கார் மீட்டரில் வரும் செக் எஞ்சின் விளக்கு.

ஸ்கேனரை மாட்டுவதற்கு முன் சில கேள்விகள் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். சிவப்பா, மஞ்சளா? நின்று எரிகிறதா, சிமிட்டுகிறதா? எப்போதிலிருந்து: மழைத் தண்ணீரில் ஓட்டிய பிறகா, சீட் கவர் மாற்றிய பிறகா? கடைசிக் கேள்வி விளையாட்டுக்கு இல்லை. சீட்டைக் கழற்றி மாட்டும்போது அதற்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர் தளர்ந்தாலே ஏர்பேக் லைட் வந்துவிடும்.

சிவப்பில் ஆயில் கேன் படம்தான் எல்லாவற்றிலும் அவசரம். ஆயில் குறைந்திருக்கிறது, அடுத்த பெட்ரோல் பங்கில் ஊற்றிக்கொள்ளலாம் என்று ஓட்டிப் போகிறவர்கள் எஞ்சினை இழக்கிறார்கள். அந்த விளக்கு காட்டுவது அளவை அல்ல, அழுத்தத்தை. அது எரியும்போது கிராங்க் பேரிங்கில் எண்ணெய்ப் படலம் இல்லாமல் இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருக்கலாம். ஓரங்கட்டி உடனே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். சமதளத்தில் 10 நிமிடம் விட்டு, ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பார்க்கலாம். அளவு சரியாக இருந்தும் லைட் எரிந்திருந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்வதே நல்லது. லைட்டை எரியவைக்கும் பிரஷர் சுவிட்ச்தான் கெட்டிருக்கிறதா என்பதை அது இருக்கும் துளையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.

மீட்டரில் வரும் பிரேக் லைட்டில்தான் தவறான வைத்தியம் அதிகம். ஹேண்ட்பிரேக்கை முழுதாக இறக்கியும் எரிகிறது, பானட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் டப்பாவில் MIN என்ற குறைந்தபட்சக் கோட்டில் நிற்கிறது. கொஞ்சம் ஊற்றினால் லைட் அணைந்துவிடும், வண்டிக்காரருக்கும் திருப்தி. ஆனால் ஆயில் எங்கே போனது? சக்கரத்தின் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் வெளியே நகரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். ஆக அது பேட் தேய்ந்ததற்கான கணக்கு. புதிய பேடில் 10 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும் லைனிங் 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும். ஆயில் மட்டும் ஊற்றிக்கொண்டே போனால் ஒருநாள் பேடின் இரும்புத் தகடு டிஸ்க்கைக் கீறும். பிறகு புதுப் பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, மேலே ஊற்றிய ஆயில் வழிந்து பெயின்டையும் உரிக்கும். பேட் நன்றாக இருந்தும் ஆயில் இறங்கியிருந்தால் கசிவுதான். பின்சக்கரங்களின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பேட்டரி படம் எரிந்தால் பேட்டரியை மாற்ற ஓட வேண்டாம். எஞ்சின் ஓடும்போது அதன் முனைகளில் சாதாரணமாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 12.5-இல் நின்று இறங்கிக்கொண்டே போனால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையோ அதைச் சுற்றும் பெல்ட்டையோதான் பார்க்க வேண்டும்.

இனி அந்த ஹெலிகாப்டர். சிமிட்டினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை; எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி மெதுவாக ஓரங்கட்டுங்கள். நின்று எரிந்தால் அவசரம் இல்லை, ஆனால் பேட்டரி டெர்மினலைக் கழற்றி அணைக்கக் கூடாது. கோளாறு வந்தபோது எஞ்சின் என்ன வேகத்தில், என்ன வெப்பத்தில் இருந்தது என்ற பதிவும் அதோடு அழிந்துபோகும். ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்ணான கோடு (code) தெரு பெயரைத்தான் சொல்லும், வீட்டை நாம்தான் தேட வேண்டும். பி0301 வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். உடனே பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை வாங்காமல், அந்தக் காயிலை இரண்டாவது சிலிண்டருக்கு மாற்றி மாட்டி, கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கை இதேபோல மாற்றிப் பார்க்க வேண்டும். கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420-ஐப் பார்த்ததும் கன்வர்ட்டரை மாற்றச் சொல்வது பெரிய செலவு. சைலன்சர் பைப்பில் ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் அதே கோடு வரலாம்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்து மீட்டரைப் பாருங்கள். செக் எஞ்சின், ஆயில், பேட்டரி, ஏர்பேக் எல்லாம் எரிய வேண்டும். ஏர்பேக் சில விநாடிகளில் தானே அணையும், ஆயிலும் பேட்டரியும் ஸ்டார்ட் செய்த பிறகுதான் அணையும். ஏதாவது ஒன்று எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். ஏர்பேக் லைட்டும் ஆயில் லைட்டும் ஒரே நொடியில் சேர்ந்து அணைந்தால், யாரோ இரண்டு ஒயரையும் ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறார்களா என்று மீட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.