சுராகானி ஆதெஷ்காவுக்குப் போகிறவர்களுக்கு

வேலைக்காக அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் குடியேறும் நம்மவர்கள் தவறாமல் பார்க்க வேண்டிய இடம், நகரின் விளிம்பில் சுராகானியில் இருக்கும் ஆதெஷ்கா என்ற பழைய தீக்கோயில். கொரோக்லு மெட்ரோ நிலையத்தில் இறங்கி 184-ஆம் எண் பேருந்தில் போகலாம். மெட்ரோவுக்கும் பேருந்துக்கும் பாக்கிகார்ட் என்ற ஒரே பயண அட்டைதான். திரும்பி வருவதற்கும் சேர்த்து நிலையத்து இயந்திரத்திலேயே பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு போனால் ஓர் அட்டையையே எல்லோருக்கும் தட்டலாம்.

பலர் நடுமண்டபத்துத் தீயைப் படமெடுத்துவிட்டுக் கால் மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அந்தத் தீ இன்று குழாய் எரிவாயுவில் எரிகிறது. 1850களின் இறுதியில் பக்கத்திலேயே எண்ணெய் ஆலை வந்தது. எண்ணெயும் வாயுவும் உறிஞ்சப்பட்டு நிலத்தடி அழுத்தம் குறைந்ததில் இயற்கைத் தீ அணைந்துபோனது.

உண்மையான செல்வம் முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளின் வாசல் மேல்தான் இருக்கிறது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கே தங்கிய வடஇந்திய வணிகர்களும் துறவிகளும் வைத்த கல்வெட்டுகள் அவை. பெரும்பாலானவை தேவநாகரியில், சில பஞ்சாபி எழுத்தான குர்முகியில், ஒன்றே ஒன்று பாரசீகத்தில். கணேச வணக்கத்தோடு தொடங்கி தீயின் தெய்வமான ஜ்வாலாஜியைப் போற்றுபவையும் உண்டு. பம்பாய்ப் பார்சி அறிஞர் ஜீவன்ஜி ஜம்ஷெட்ஜி மோதி 1925-இல் நேரில் பார்த்து, இது இந்துக் கோயில் என்றே முடிவு கூறினார். அந்த வணிகர்கள் வருவதற்கு முன்னரே இவ்விடத்தில் ஜரதுஷ்டிர மதத்தவரின் (பார்சிகளின் மதம்) வழிபாடு இருந்தது என்ற கருத்தும் வலுவாகவே இருக்கிறது. அறைக்குள் வைத்திருக்கும் உருவபொம்மைகளை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்தால் இந்தக் கதை எதுவுமே பிடிபடாது.

போகும் முன் தேவநாகரி எண்கள் பத்தையும் படித்துக்கொள்ளுங்கள், அது போதும். கல்லில் இருப்பது வடஇந்திய நாள்காட்டியான விக்கிரம சம்வத் ஆண்டு. 57 கழித்தால் (சம்வத் ஆண்டின் கடைசி மாதங்களுக்கு 56) ஆங்கில ஆண்டு வந்துவிடும். சம்வத் 1802 என்றால் 1745 அல்லது 1746. உச்சிவெயிலில் எழுத்து கல்லோடு கலந்துவிடும். காலையிலோ மாலையிலோ சாய்வாக ஒளி விழும்போதுதான் வெட்டுகள் நிழலோடு தெளிவாகத் தெரியும். முற்றம் ஐங்கோணமாக இருப்பதால் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் நல்ல வெளிச்சம் கிடைக்காது. வாசல்கள் தாழ்வானவை, குனிந்து நுழையுங்கள்.

இந்தியாவிலுள்ள பார்சி அக்னி ஆலயங்களுக்குள் மற்றவர்கள் போக முடியாது. இது அருங்காட்சியகம், அனுமதிச்சீட்டு வாங்கி யாரும் போகலாம். கற்பூரமோ விளக்கோ ஏற்ற நினைக்காதீர்கள்.

மண்ணிலிருந்து தானே எழும் தீயைப் பார்க்க, பாகுவுக்கு அருகே யனார்தாக் என்ற குன்று இருக்கிறது. அங்கே டாக்சியில் போவது எளிது. இருட்டிய பிறகு போங்கள், பகலில் தீ வெளிறித் தெரியும். வடகாற்று வீசும் நாளில் தடித்த மேற்சட்டை இல்லாமல் அங்கே நிற்க முடியாது.