கசூதியில் கவந்தித் தையல்: பழகிப் பார்த்த அனுபவம்

வட கர்நாடகத்தின் தார்வாடு, ஹூப்ளி வட்டாரங்களில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தைத்துவரும் கசூதி என்னும் கைவேலையில் கவந்தி, முர்கி, நேய்கி, மெந்தி என்று நான்கு தையல்கள் உண்டு. அவற்றுள் கவந்தியை மட்டும் எடுத்துக்கொண்டு சில மாதங்களாகப் பழகிவருகிறேன். நாம் எல்லோரும் அறிந்த ஓட்டுத் தையல்தான் இதற்கு அடிப்படை. போகும்போது ஒன்று விட்டு ஒன்றாகத் தைத்துச் சென்று, திரும்பி வரும்போது விடுபட்ட இடங்களை அதே துளைகளின் வழியாக நிரப்பிவிட்டால், துணியின் மேல்பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் ஒரே மாதிரியான தொடர்கோடு கிடைக்கிறது. முந்தானை காற்றில் புரளும்போது அடிப்பக்கமும் தெரியும் என்பதால், சேலைக்கென்று வளர்ந்த ஒரு கலையில் இப்படிப்பட்ட தையல் முதலிடம் பெற்றது இயல்பே. ஐரோப்பாவில் இதே தையலுக்கு 16ஆம் நூற்றாண்டு ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைனின் பெயர் வழங்குகிறது. அவர் வரைந்த ஜேன் சீமோர் அரசியின் உருவப்படத்தில், கைமடிப்பின் ஓரத்தில் கறுப்பு நூல் வேலைப்பாட்டைத் தெளிவாகக் காணலாம்.

கசூதியில் துணிமேல் பென்சிலால் வரைவதோ அச்சுப் பதிப்பதோ கிடையாது. இழைகளை எண்ணித்தான் தைக்க வேண்டும். நீலகிரித் தோடர்களின் பூவேலையும் இழை எண்ணித் தைப்பதே. எண்ணுவதற்குக் கண் பழகும்வரை மேட்டி துணியே போதும் என்பது என் முடிவு. அதில் இழைகள் சிறு கூட்டங்களாக நெய்யப்பட்டிருப்பதால் துளைகள் வெறும் கண்ணுக்கே தெரிகின்றன. ஆறு இழை கொண்ட எம்பிராய்டரி நூலிலிருந்து இரண்டு இழைகளைப் பிரித்து, முழங்கை நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக வெட்டிக்கொண்டேன். ஊசி, முனை மழுங்கியதாக இருக்க வேண்டும். கூரான ஊசி முதல் சுற்றில் போட்ட நூலையே பிளந்துகொண்டு போய்விடும். பிறகு அந்த இடத்தில் கோடு ஒருபோதும் மெல்லியதாகத் தெரியாது.

நேர்கோட்டில் தொடங்கினேன். முதல் சுற்று எளிது. கோட்டின் அழகு முழுவதும் திரும்பும் சுற்றில்தான் இருக்கிறது. ஒரே துளையில் இரண்டு தையல்கள் சந்திக்கும்போது, ஏற்கெனவே உள்ள நூலுக்கு மேற்புறமாக ஊசியை வெளியே எடுத்து, அடுத்த துளையில் கீழ்ப்புறமாக உள்ளே விட வேண்டும். இந்த ஒழுங்கை ஒவ்வொரு துளையிலும் மாறாமல் கடைப்பிடித்தால் கோடு நூல் பிடித்தாற்போல் நேராக நிற்கிறது. மாற்றி மாற்றி எடுத்தால் பல் பல்லாக உடைந்து தெரிகிறது. இதே கோட்டைப் படிப்படியாக ஏறி இறங்கும்படி தைத்தால் அதுவே முர்கி ஆகிவிடுகிறது. ஆகவே அதற்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை.

முடிச்சுப் போடக் கூடாது என்பது அடுத்த கட்டுப்பாடு. இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டிய வேலையில் முடிச்சு ஒரு கறையாகவே தெரியும். தொடக்கத்தில் நான்கு விரற்கடை நூலைத் தொங்கவிட்டு, வேலை முடிந்தபின் அதை ஊசியில் கோத்து, தைத்த கோட்டின் மேலேயே சில தையல்கள் ஓட்டி மறைத்துவிடுகிறேன்.

கோபுரம், தேர், துளசி மாடம், யானை என்று கசூதியின் உருவங்களுக்கு வந்தபோதுதான் இந்தத் தையலின் உண்மையான பாடம் தொடங்கியது. ஒரு கோபுரத்தை எடுத்துக்கொள்வோம்: அடித்தளம், இருபுறமும் படிகள், நிலைகளைப் பிரிக்கும் உட்கோடுகள், உச்சியில் கலசம். நூல் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்ப வேண்டும் என்பதை ஊசியைத் தொடும் முன்பே தீர்மானிக்க வேண்டும். சிக்குக் கோலத்தில் கோடு தன்னையே வெட்டிக்கொண்டாலும், போன பாதையில் மறுபடி போகாமல் தொடங்கிய இடத்தில் வந்து மூடுகிறது. எல்லா வடிவத்தையும் அப்படி ஒரே கோட்டில் போட்டுவிட முடியாது. கவந்தியில் ஒவ்வொரு சிறு கோட்டையும் நூல் இரண்டு முறை கடப்பதால், துண்டு துண்டாகப் பிரியாமல் இணைந்திருக்கும் எந்த வடிவத்துக்கும் வழி உண்டு. கிளை பிரியும் இடம் வந்தால் அந்தக் கிளையில் நுனிவரை சென்று, அதே கிளையில் திரும்பி வந்து, பிறகு பிரதானக் கோட்டைத் தொடர வேண்டும். போக மூன்று தையல் என்றால் வர மூன்று. மொத்தம் எப்போதும் இரட்டைப்படை என்பதால், மேல்-கீழ் என்னும் ஒழுங்கு கிளைகளால் குலைவதே இல்லை. கட்டத்தாளில் வரைந்து பார்த்து இது விளங்கிய பொழுதில், பள்ளிக்கூடம் போகாத பெண்கள் எத்தனை பேர் இந்தக் கணக்கை விரல் நுனியில் வைத்திருந்திருப்பார்கள் என்று எண்ணி மனம் நிறைந்துபோனேன்.

மூடிய வடிவங்களில் ஒரு நுட்பம் இருக்கிறது. பக்கத்துக்கு மூன்று தையலாக ஒரு சதுரத்தைச் சுற்றினால் பன்னிரண்டு தையல்கள் ஆகின்றன. தொடங்கிய மூலைக்கு வந்ததும் அதே திசையில் மீண்டும் சுற்றினால் நூல் பழைய தையல்கள்மேலேயே விழும். இடைவெளிகள் அப்படியே நிற்கும். வந்த வழியே எதிர்த்திசையில் திரும்பினால்தான் அவை நிரம்பும். குத்துக்கோடும் கிடைக்கோடும் மட்டும் கொண்ட மூடிய வடிவம் எதுவானாலும் தையல்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகவே வரும் என்பதால், இந்த விதி எங்கும் பொருந்துகிறது. வெளிக்கோட்டைத் தொடாமல் நடுவில் தனித்து நிற்கும் உருவத்துக்கு மட்டும் புதிய நூல் எடுத்தாக வேண்டும். அடியில் நூலைத் தாண்டவிட்டால் அது மறுபக்கத்தில் குறுக்கே தெரியும்.

இப்போது ரவிக்கையின் கைக்கான கறுப்புப் பருத்தித் துணியில் சிறு கோபுர வரிசை ஒன்றைத் தைத்துக்கொண்டிருக்கிறேன். கறுப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் சந்திரகாளி என்ற கறுப்புச் சேலையில் கசூதி இருப்பது அந்தப் பகுதியின் வழக்கம். கறுப்பில் சிவப்பும் வெள்ளையும் எடுப்பதுபோல் வேறு எந்த நிறத்திலும் எடுப்பதில்லை என்பது என் கருத்து. இந்தத் துணியின் இழைகள் எண்ண முடியாத அளவுக்கு நெருக்கமானவை என்பதால், மேலே கேன்வாஸ் வலையைத் தைத்துப் பிணைத்து, அதன் துளைகளை எண்ணித் தைக்கிறேன். வேலை முடிந்ததும் வலையை ஈரப்படுத்தி அதன் இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட வேண்டும். வலையின் பருமன் அளவுக்குத் தையல் பின்னர் தளரும் என்பதால், மேட்டி துணியில் பழகியதைவிட நூலைச் சற்று இறுக்கியே இழுக்கிறேன். துணி சுருங்காத அளவுக்கு இறுக்கம் எது என்பதை ஒவ்வொரு கோபுரத்திலும் புதிதாகப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இடது கையின் வரிசை முடிந்து, வலையும் உருவியாகிவிட்டது. வலது கையை முடித்தபின் நேய்கியைத் தொடங்கலாம் என்றிருக்கிறேன்; அதற்காக மேட்டி துணியில் இன்னொரு துண்டை வெட்டி, இழை பிரியாமல் ஓரம் மடித்துத் தைத்து வைத்திருக்கிறேன்.